பத்தொன்பது இரவு மேகம்

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் லென்ஸின் கடைக்குப் போய்ப் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். தொலைநோக்கியில் போன வாரம் என் முறை. மூன்று இரவு உருப்படியாகக் கிடைத்தது, மொத்தம் ஏழு மணி நேரம். வழக்கம்போல் கவரில் போட்டு, தேதி எழுதி, டேப் ஒட்டிக் கொடுத்தேன். கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவனுக்கு லென்ஸ் என்று பெயர் வைத்தது நான்தான். பதினாலு வருஷமாகிறது. இப்போது அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கணக்குப் பார்த்தோம். இரண்டு பருவமாக நான் எடுத்தது இருபத்தொரு மணி நேரம், அவன் எடுத்தது பதின்மூன்று. அறுபது சேர்ந்தால்தான் படம் போட முடியும். “இன்னும் வேணும்க்கா. இப்பவே சேர்த்தா வெறும் புள்ளிதான் தெரியும்” என்றான். பாவம், அவன் வாரம் வந்தால் மட்டும் வானம் மூடிக்கொள்கிறது. எங்கள் கொட்டகையில் இரவு வாரியாக எழுதி வைக்கும் நோட்டில் அவன் எழுதிய பக்கம் முழுக்க மேகம், மேகம், மேகம்.

நாங்கள் எடுப்பது ஒரு மூட்டையை. அது நாங்கள் வைத்த பெயர். நூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் நானூறு கேலக்ஸி ஒன்றாகக் கூடிக் கிடக்கிற இடம். கேமராவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் அரிசி நுனி அளவு மங்கலாக விழும். அப்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அது கேலக்ஸி என்று கண்ணுக்குத் தெரியும். அடுக்குவது லென்ஸின் பொறுப்பு, கடையின் பின்னறைக் கம்ப்யூட்டரில். படத்தின் கீழே இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்பது பேச்சு. எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். முப்பது வருஷமாக என் பெயர் தண்ணீர் மீட்டர் சான்றிதழில் மட்டும்தான் அச்சாகிறது. ஒரு நல்ல விஷயத்தின் கீழேயும் ஒரு தடவை அச்சாகட்டுமே.

வீட்டுக்காரர் ராத்திரி ரொட்டி ஏற்றிப் போகும் வேனைக் கழுவிக்கொண்டே, “பஞ்சு எவ்வளவு சேர்ந்துச்சு?” என்றார். அவருக்குக் கேலக்ஸி எல்லாம் பஞ்சு.

“தலையணைக்குக் காணாது” என்றேன்.

ஏப்ரல் 15

இன்று வேலையில் ஒரு அசிங்கம். சோதனைப் பலகையில் பன்னிரண்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று அதிகமாகக் காட்டுகிறது என்று தள்ளிவைத்தேன். பக்கத்து மேஜையில் ஈய முத்திரை குத்துகிறவள் (அவளை முத்திரை என்றே கூப்பிடுவோம்) எட்டிப் பார்த்து, “மேடம், இது எட்டு இல்ல, மூணு” என்றாள். மீட்டர் சரிதான், நான்தான் தப்பு. மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

பலகைக்கு மேலே இருக்கும் விளக்கை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கண்ணில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. போன வருஷம்தான் லென்ஸ் டெஸ்ட் செய்து கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தான். “எல்லாம் வயசுக்கேத்த மாதிரிதான்க்கா இருக்கு” என்றான்.

ஏப்ரல் 24

லென்ஸ் போன் செய்தான். மேகமாம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிருந்து கொட்டகைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் இவ்வளவு வித்தியாசமா?

ஏப்ரல் 28, திங்கள்

வேலை விட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். மூடிப்போன செங்கல் சூளையின் காவல் அறை அது. கூரைத் தகரத்தைச் சக்கரம் வைத்துத் தள்ளித் திறக்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும்தான் செய்தோம். அதற்கு எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது; லென்ஸுக்கு ஒரு நகமும் போனது. உள்ளே நிற்கும் மவுண்ட் என்னுடையது. வானம் நகர நகர, கூடவே மெல்லத் திரும்பித் தொலைநோக்கிக் குழாயை ஒரே இடத்தைப் பார்க்க வைக்கும் தாங்கி. மேலே உட்காரும் குழாயும் கேமராவும் அவனுடையவை. ஒன்றில்லாமல் மற்றதற்கு வேலை இல்லை. எங்களை இரட்டை மாட்டு வண்டி என்று வானியல் சங்கத்தில் கேலி செய்வார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தூசுக்கறையைப் பிறகு கழிப்பதற்கான படங்களை எடுத்தேன். இருட்டியதும் ஃபோகஸ். அதுதான் என் பெருமை. கீறல் போட்ட தட்டை முன்னால் வைத்து ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பார்த்தால் லேப்டாப்பில் மூன்று கீற்று விழும். நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில் வரும்வரை திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இதற்கு மோட்டார் வைத்துவிடலாம் என்று லென்ஸ் முன்பு ஒரு தடவை சொன்னான். கை இருக்கும்போது மோட்டார் எதற்கு என்று வாயை அடைத்தேன்.

இன்று கீற்றுகள் கொஞ்சம் இரட்டையாகத் தெரிந்தன. திரை அழுக்காக இருந்தது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு

ஐந்தரை மணி நேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவரைப் பார்க்காமலே மேஜை டிராயருக்குள் போட்டான். “பார்க்கலையா?” என்றேன். “ராத்திரி நிதானமா பார்க்கறேன்க்கா. டீ சொல்லட்டுமா?” என்றான். வாடிக்கையாளர் ஒருவர் மூக்குத் தாங்கியை மாற்றுவதற்காக உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பிவிட்டேன்.

முன்பெல்லாம் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்குவான். கடையில் கூட்டம், வயசும் ஆகிறது. எனக்குத்தான் இன்னும் சின்னப்பிள்ளைத்தனம் போகவில்லை.

மே 23

லென்ஸ்: மேகம். நான்: சரி.

ஜூன் 7, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது. வரிசையாகவே எழுதுகிறேன்.

நூலகக் கூடத்தில் சங்கத்தின் வருடாந்தரப் புகைப்படக் கண்காட்சி. இந்த வருஷம் எங்கள் படம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போகிறோம் என்று வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மூன்றடி அகலத்தில் மூட்டை தொங்கியது. நானூறு கேலக்ஸியும் எண்ணலாம் போல இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது மானம் போகிறது. படத்தை முடித்துவிட்டான், என்னை ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்து, வீட்டுக்காரர் கையைப் பிடித்து, “நம்ம படம்! நம்ம படம்!” என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன்.

கிட்டே போய் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து கீழே இருந்த அட்டையைப் படித்தேன். அறுபத்தொரு மணி நேரம். படம்: அவன் பெயர். இரண்டாவது வரி இருக்கும் என்று அட்டையின் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

வீட்டுக்காரர் படத்தின் ஓரத்தைக் காட்டி, “இது என்ன, டிராஃபிக் சிக்னலா? சிவப்பு, பச்சை, நீலம்னு வரிசையா நிக்குது” என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் மூன்று சின்னப் புள்ளிகள் தெரிந்தன. போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து லென்ஸ் உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, நீங்க… இன்னிக்கு வேலை இல்லையா?” என்றான். அதற்குள் தலைவர் மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேடையில் சால்வை, கைதட்டல்.

நானும் தட்டினேன். கை அதன் பாட்டுக்குத் தட்டியது.

ஜூன் 8

என் இருபத்தொரு மணி நேரம் அதுல இருக்குல்ல? மே மாசம் குடுத்ததையும் சேர்த்தா இருபத்தாறரை. எல்லாத்தையும் வாங்கி உள்ள போட்டுக்கிட்டு ஒரு வரி எழுத மனசு வரலையா? ஒரு வரி! பேரைக்கூட வேண்டாம், ‘அக்காவும்’னு போட்டிருக்கலாமே.

போன் அடிக்கிறான். எடுக்கவில்லை.

ஜூன் 10

கொட்டகைக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். ராத்திரிச் சமையலை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

முதலில் அந்த மூன்று புள்ளி. எங்கள் கேமரா கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து ஒரே இரவில் எடுப்போம். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுகோள் குறுக்கே போனால், சிவப்பு எடுக்கும்போது ஓரிடத்தில் இருக்கும், பச்சைக்கு வருவதற்குள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், நீலத்துக்கு இன்னும் கொஞ்சம். அடுக்கிய படத்தில் மூன்று நிறப் புள்ளி வரிசையாக நிற்கும். இதைத் துடைத்து எடுப்பது அடுக்குகிறவன் வேலை. லென்ஸ் நூற்றுக்கணக்கில் துடைத்திருக்கிறான். இந்த ஒன்றை விட்டுவிட்டான்.

எந்தச் சிறுகோள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல இணையத்தில் பக்கம் இருக்கிறது. இடத்தைக் கொடுத்தேன். இந்த இரண்டு பருவத்தில் அந்த இடத்தில் அவ்வளவு பிரகாசத்தில் போனது ஒன்றே ஒன்றுதான். மார்ச் 27.

நோட்டைப் புரட்டினேன். மார்ச் 27, அவன் வாரம். அவனுடைய அழகான கையெழுத்தில்: “மேகம். கூரையே திறக்கவில்லை.”

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரண்டியோடு வந்து நின்றார். “மார்ச் இருபத்தேழா? அன்னிக்குத்தானே பஞ்சராகி செங்கல் சூளைத் திருப்பத்துல நின்னேன்? வானத்துல பொரி பொரியா கொட்டிக் கிடக்குன்னு உன்னை எழுப்பிச் சொன்னேனே!” ஆமாம், அன்று சொன்னார்தான். “லென்ஸ் மேகம்னு சொன்னான், நீங்க தூக்கக் கலக்கத்துல பார்த்திருப்பீங்க” என்று அவர் வாயை அடைத்ததும் நான்தான்.

எண்ணினேன். இரண்டு பருவத்தில் அவன் மேகம் என்று எழுதியது பத்தொன்பது இரவு. இரவுக்கு இரண்டரை மணி நேரம் வைத்தால் நாற்பத்தேழரை. அவன் ஒப்புக்கொண்ட பதின்மூன்றைக் கூட்டினால் அறுபதரை. அட்டையில் அறுபத்தொன்று.

அப்படியானால் நான் எடுத்தது எங்கே?

ஜூன் 12

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கினான். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

“மார்ச் இருபத்தேழு கூரையே திறக்கலையா?”

“இல்லக்கா, அன்னிக்கு…”

“சிறுகோள் போயிருக்கு. மூணு கலர்லயும் விழுந்திருக்கு. துடைக்க மறந்துட்ட.”

கையில் இருந்த பிரேமின் குட்டித் திருகை முறுக்கிக்கொண்டே இருந்தான். முறுக்க முறுக்க அது கழன்று தரையில் விழுந்தது. இரண்டு பேரும் குனியவில்லை.

“உங்க படம் எதுவும் அதுல இல்லக்கா” என்றான்.

“என்ன?”

“ஒண்ணுகூட இல்ல. அறுபத்தோரு மணி நேரமும் நான் எடுத்ததுதான். உங்களோடது எல்லாம் ஃபோகஸ் இல்லக்கா. போன வருஷம் ஆரம்பத்துலேர்ந்தே. சேர்த்தா மொத்தமும் கெட்டுடும்.”

“அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“எப்படிக்கா சொல்றது? தேதி போட்டு, டேப் ஒட்டி, அவ்வளவு ஆசையா கொண்டுவருவீங்க.”

டிராயரைத் திறந்தான். என் கவர்கள். முதல் மூன்றை மட்டும் பிரித்திருந்தான். மற்ற எட்டும் நான் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. மேலே இருந்தது மே 4.

“மேகம்னு எதுக்குடா எழுதின?”

“அறுபது சேர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சா படத்தைக் கேப்பீங்க. கேட்டா உங்களோடதையும் சேர்க்கணும். அதான்…” பிறகு, “உங்க கண்ணு வந்துக்கா…” என்று ஆரம்பித்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டு கீழே குனிந்து திருகைத் தேட ஆரம்பித்தான்.

கவர்களை முந்தானையில் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு பெண் என்னைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள். அவ்வளவு மோசமாகவா இருந்தேன்?

ஜூன் 13

பதினாலு வருஷம். அவன் கல்யாணத்துக்கு முன்னால் நின்றது நான். அவன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி துணைக்கு இருந்தது நானும் இவரும். அக்கா அக்கா என்று கூப்பிட்டே காதில் பூ சுற்றியிருக்கிறான்.

ஜூன் 16, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் முத்திரையின் கம்ப்யூட்டரில் ஒரு கவரைப் பிரித்துப் போட்டேன். அவளுக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவளைக் கேட்டேன். “நல்லா இருக்கா, பாரு” என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். “எல்லாமே உப்பிப் போய் நடுவுல ஓட்டையா இருக்கே மேடம். நட்சத்திரம் இப்படித்தான் இருக்குமா?”

“இல்ல.”

“அப்ப கேமரா ரிப்பேரா?”

எனக்கு அவை ஓட்டை இல்லாத வட்டமாகத்தான் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். வட்டம்தான். பதினொரு கவரையும் போட்டுப் பார்த்தோம். மணி அடித்த பிறகும் அவள் நகரவில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போடவாவது சுலபமாக இருந்திருக்கும். இருபத்தாறரை மணி நேரம், மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, கொசுக்கடியில் —

வேண்டாம். ஒரு வேலை இருக்கிறது. ‘உங்க கண்ணு’ என்று ஏன் சொன்னான்?

ஜூன் 21, சனி

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும், படபடவென்று பேசினார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

“எவ்வளவு நாளா இருக்கும் டாக்டர்?”

“ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும். இந்தக் கண்ணாடி எப்ப போட்டீங்க?”

“போன வருஷம்.”

“டெஸ்ட் பண்ணித்தானே குடுத்தாங்க? அப்பவே சொல்லலையா?” கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கண்ணுல லைட் அடிச்ச உடனே நிழல் தெரிஞ்சிருக்குமே. புரையைச் சரிக்கட்ட முடியுமான்னு பவரை ஏத்தி ஏத்திப் பார்த்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

வீட்டுக்காரர்தான், “எந்தக் கடைன்னு ஞாபகம் இல்லம்மா” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஜூன் 22

அரை மணி நேரம் உட்கார வச்சுப் பார்த்தானே! டார்ச்சைக் கண்ணுக்குள்ள அடிச்சு, இந்தப் பக்கம் பாருங்கக்கா, அந்தப் பக்கம் பாருங்கக்கான்னு. பார்த்திருக்கான். தெரிஞ்சிருக்கு. என் படம் ஏன் மங்கலா வருதுன்னு அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ‘வயசுக்கேத்த மாதிரிதான்க்கா.’

பேரை விட்டது போகட்டும். மேகம்னு எழுதினது போகட்டும். ஆசை வந்துச்சு, மறைச்சான், மனுஷன்தானே. ஆனா கண்ணு? அரை மணி நேரத்துல சரியாகிற விஷயம். ஆபரேஷன் பண்ணிக்கோங்கக்கான்னு சொல்லியிருந்தா அடுத்த மாசமே என் படமும் நல்லா வந்திருக்கும். நல்லா வந்திருந்தா பாதிப் படம் என்னோடது. அதுக்குத்தானா?

இல்லை, அப்படியெல்லாம் கணக்குப் போடுகிறவன் இல்லை, சொல்லத் தைரியம் இல்லாமல் விட்டிருப்பான் என்கிறார் இவர். இருக்கலாம். கேட்கப் போவதில்லை. எதைச் சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டேன், பிறகு கேட்டு என்ன?

ஒரு வருஷமாக அந்தக் கண்ணோடு ராத்திரி பைக் ஓட்டிக்கொண்டு சூளைக்குப் போய் வந்திருக்கிறேன். ஒருநாள்கூட அவன் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 24

சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், எங்களைவிடப் பெரியவர். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது.

“பேசிட்டேன்மா. உன் பேரையும் அட்டைல சேர்த்துடலாம்னு அவனே சொல்றான். கண்காட்சி இன்னும் ஒரு வாரம் இருக்கு. மாத்திப் போட்டுட்டா முடிஞ்சது.”

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அட்டையில் என் பெயர் எப்படி இருக்கும் என்றுகூட மனசு போட்டுப் பார்த்துவிட்டது.

“வேண்டாம் டீச்சர். நான் எடுத்தது அதுல ஒண்ணுகூட இல்ல. இல்லாத இடத்துல என் பேர் எதுக்கு?”

“பின்னே என்னதான்மா செய்யச் சொல்றே?”

“நம்ம சங்கத்துல ஒரு விதி இருக்கே. எந்தெந்த ராத்திரி எடுத்ததுன்னு தேதி எல்லாத்தையும் அட்டைல எழுதணும்.”

“அது பழைய விதி. இப்ப யாரு எழுதறாங்க? மொத்த மணி நேரத்தைப் போட்டுட்டு விட்டுடறாங்க.”

“இதுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்க. அவன் கையாலயே எழுதட்டும். பக்கத்துல கொட்டகை நோட்டையும் வெச்சுடுங்க, யார் வேணா புரட்டிப் பார்க்கட்டும்.”

டீச்சர் நோட்டை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினார். நாலைந்து மேகம் வரைக்கும் சத்தமாகப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தண்ணி குடும்மா” என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

அட்டைக்குத் தேதி எழுதி வரவில்லை. நேற்று சாயங்காலம் அவனே வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனானாம். டீச்சர் போனில் சொன்னார். சால்வையையும் மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜெயித்த மாதிரி இல்லை. நல்ல படம் அது. அந்த மாதிரி மூட்டையை இந்த ஊரில் யாரும் எடுத்ததில்லை.

ஜூலை 5, சனி

வேனைக் கொண்டுபோய் மவுண்டை எடுத்து வந்தோம். பகல் வெளிச்சத்தில் கொட்டகை ஏதோ சாமான் போட்டு வைக்கும் அறை மாதிரிதான் இருந்தது. முப்பது கிலோ இரும்பை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஏற்றி, கயிறு கட்டினார் இவர். அவனுடைய குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். வைத்துவிட்டு வாசல் வரைக்கும் வந்தவள், திரும்பிப் போய் அதன் வாய்க்கு மூடி போட்டு, துணி சுற்றி, பல்லி ஏறாமல் சாக்கையும் போர்த்திவிட்டு வந்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. “உனக்கு ரோஷமே கிடையாதா?” என்றார் இவர்.

“கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றேன்.

சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 18

வலது கண் நேற்று முடிந்தது. கட்டுப் பிரித்தார்கள். சமையலறைத் துணி வெள்ளையாம்! இத்தனை நாளாகப் பழுப்பு என்று நினைத்துப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தேன். இவர் தலை இவ்வளவு நரைத்தது எப்போது? கேட்டேன். “உனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தேன்” என்றார்.

ஆகஸ்ட் 14

இடது கண்ணும் ஆயிற்று. நேற்று மாடியில் நின்றேன். நட்சத்திரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஊசி குத்தின மாதிரி. இவ்வளவு நீலமா சிலது! அரை மணி நேரம் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, மீதி எதனால் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 20, சனி

பழைய குழாய் ஒன்று கிடைத்தது. சின்னது, ஆனால் சுத்தமாக இருக்கிறது. கேமராவும் பழையதுதான். மாடியில் மவுண்டை ஏற்றிக் கட்டினோம். மூட்டை மேற்கே இறங்கிவிட்டது, இனி பிப்ரவரியில்தான் வரும். அதனால் வேறொரு சின்னக் கேலக்ஸிக் கூட்டத்தைப் பிடித்தேன். ஊர் வெளிச்சத்தில் பாதி அழிந்துபோகிறது. இரண்டு மணி நேரம் எடுத்தேன். ஃபோகஸ் நானேதான் வைத்தேன். நடுக்கீற்று ஒற்றையாக, நடுவில் நின்றது. திங்கட்கிழமை முத்திரையிடம் காட்டினால், “ஓட்டை இல்ல மேடம்” என்பாள். அடுக்குவது எப்படி என்று இனிமேல்தான் படிக்க வேண்டும். இதுவரை அடுக்கினதே இல்லை.

செப்டம்பர் 27, சனி

தூரம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும்; எங்கே வேண்டுமானாலும் டெஸ்ட் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. லென்ஸின் கடைக்குப் போவதாகச் சொன்னதும் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டே, “ஊர்ல வேற கடையே இல்லையா?” என்றார். தனியாகப் போகிறேன் என்றேன்.

கடையில் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ‘டெஸ்ட் பண்ணணும்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவன் விளக்கை அணைத்தான். டார்ச்சை எடுத்தான். முதல் தடவை வெளிச்சம் என் கன்னத்தில் விழுந்தது. பிறகு கண்ணுக்குள் அடித்தான். வலது. இடது. மறுபடியும் வலது. ரொம்ப நேரம் பார்த்தான். நான் இமைக்காமல் இருந்தேன், நன்றாகப் பார்க்கட்டும் என்று.

“எழுத்தைப் படிங்கக்கா” என்றான்.

மேலே இருந்து படித்தேன். பெரிய எழுத்து, அடுத்தது, அடுத்தது. கடைசி வரியையும் படித்தேன். அதற்குக் கீழே மூலையில் பொடியாக அச்சிட்டவன் விலாசம் இருந்தது. அதையும் படித்தேன். பின்னால் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டான். “தூரத்துக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. படிக்க மட்டும் ரெண்டு பவர். பிரேம் நான் பார்த்து நல்லதா போட்டுத் தரேன். நாளைக்கே…”

“பவரை மட்டும் சீட்டுல எழுதிக் குடுங்க” என்றேன். “வேற கடையில போட்டுக்கறேன்.”